மலையில் அவள், ஆற்றங்கரையில் அவன்

அசுரனைக் கொன்று முடித்த பிறகு தேவி என்ன செய்தாள்? புராணம் சொல்லாமல் விட்டதை மைசூர்ப் பக்கத்துப் பாடகர்கள் சொல்கிறார்கள். அது ஒரு காதல் கதை.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு சுமார் 25 கி.மீ. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நகரத்தை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கம் சாமுண்டி மலை. கொஞ்ச தூரம் போனால் உத்தனஹள்ளிக்குப் பிரியும் பாதை. அப்புறம் கபினி ஆறு. உள்ளூர்க்காரர்கள் கபிலா என்பார்கள். ஆற்றின் குறுக்கே 1735இல் கட்டிய பழைய பாலம் ஒன்று. ஒரு காலத்தில் ரயிலும் மாட்டு வண்டியும் அதன் மேல்தான் போயின. இன்று ரயிலுக்கு வேறு பாலம். அக்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் தெரிகிறது.

பயணிக்கு இவை மூன்றும் கோயில்கள். பாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கோ ஒரு கதையின் மூன்று பாத்திரங்கள்: மலைமேல் காதலி, ஆற்றங்கரையில் காதலன், நடுவில் அவளுடைய தங்கை.

ஸ்ரீகண்டேஸ்வரர் என்பது கோயில் கல்வெட்டு மொழி. ஊர் வைத்த பெயர் நஞ்சுண்டன். நஞ்சை உண்டவன் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நோய் தீர்க்கும் தெய்வம் என்ற பெயரும் உண்டு. திப்பு சுல்தானின் யானைக்குக் கண் தெரியாமல் போனபோது இங்கே வேண்டிக்கொண்டதில் பார்வை திரும்பியது, திப்பு இவரை 'ஹகீம் நஞ்சுண்டா' என்று அழைத்து மரகத லிங்கம் தந்தார் என்பது கோயிலின் பெருமைக் கதை. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் விரிவாக்கப்பட்ட கோயில், நீளம் 385 அடி, அகலம் 160 அடி. இப்படிப்பட்ட பெரிய இடத்துப் பிள்ளையைத்தான் பாடகர்கள், வீட்டில் மனைவி இருக்க மலைப்பக்கம் கண்ணை ஓட்டும் ஆண்பிள்ளையாக்கி விட்டார்கள்.

தேவி மாகாத்மியத்தில் மகிஷாசுரன் விழுந்ததும் தேவர்கள் துதிக்கிறார்கள். தேவி மகிழ்ந்து, வரம் தந்து, மறைந்துவிடுகிறாள். வேலை முடிந்தது, ஆள் இல்லை. நாட்டுப் பாடல்களில் அவள் மறைவதில்லை. சண்டையின்போது அசுரனின் ரத்தம் விழுந்த இடமெல்லாம் புதிய அசுரர்கள் முளைக்க, தங்கை உத்தனஹள்ளி வந்து போர்க்களம் முழுவதும் நாக்கை விரித்து ரத்தத்தை ஏந்திக்கொள்கிறாள். அக்காவும் தங்கையுமாக ஜெயிக்கிறார்கள். ஜெயித்த பிறகு? எட்டுக் கையிலும் ஆயுதம் பிடித்தவள் ஆயுதங்களை இறக்கி வைத்துவிட்டு மலையில் தனியாக இருக்கிறாள். எதிரே தூரத்தில் ஆறு, ஆற்றங்கரையில் நஞ்சுண்டன். இங்கேதான் காதல் பிறக்கிறது.

நஞ்சுண்டனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. பாடல்களில் அவள் பெயர் தேவீரி, கோயிலில் பார்வதி. கணவனின் போக்குவரத்து தெரிந்ததும் அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு பெண்களும் வாய்ச்சண்டையில் இறங்குகிறார்கள். குலம், நடத்தை, அழகு எதையும் விட்டுவைக்காத சண்டை. குழாயடிச் சண்டைக்கு நிகர் என்று சொன்னாலும் பாடகர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டம் சிரிக்கும் இடமும் அதுதான். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாமுண்டியை மனைவி என்பதா, காதலி என்பதா என்பதில் பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு. ஒன்று மட்டும் மாறுவதில்லை. அவள் மலையை விட்டு அவன் வீட்டில் குடியேறுவதில்லை. அவன் ஆற்றங்கரையை விட்டு மலையில் தங்குவதில்லை.

இந்தப் பாடல்களை நாட்டுப்புறவியல் ஆய்வாளர் பி.கே. ராஜசேகர தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். மைசூரில் 1929இல் பிறந்த தமிழரான ஏ.கே. ராமானுஜன், நாட்டார் புராணங்கள் பற்றிய தம் ஆங்கிலக் கட்டுரையில் சாமுண்டியின் கதையையும் எடுத்துக்கொண்டார். அந்தக் கட்டுரை இடம்பெற்ற நூல் 1993இல் வெளிவந்தது. அதே ஆண்டுதான் அவர் சிகாகோவில் காலமானார். குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அவர், கன்னடக் கதைகளை வகைப்படுத்தும்போதும் அகம், புறம் என்ற நம் சொற்களையே கையாண்டார். பாட்டி சமையலறையில் சொல்வது அகம். தொழில்முறைப் பாடகன் வெளியே கூட்டத்துக்குப் பாடுவது புறம்.

அவர் திறந்த அந்த வாசல் வழியாகவே நஞ்சன்கூட்டுக் கதைக்குள்ளும் போகலாம். மலை குறிஞ்சி; அங்கே நடப்பது கூடல். ஆறும் வயலும் சூழ்ந்த நஞ்சன்கூடு மருதம். அங்கே நடப்பது மனைவியின் ஊடல். இடையில் தோழி நிற்க வேண்டிய இடத்தில் தங்கை உத்தனஹள்ளி. தொல்காப்பியம் கேள்விப்பட்டிராத பாடகர்கள் நிலத்தைப் பார்த்தே இத்தனையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே ஒரு வித்தியாசம். சங்கப் பாட்டில் மருதத்துத் தலைவன் தேடிப் போகும் பரத்தைக்கு மரியாதை குறைவு. இங்கே தலைவன் தேடிப் போகிறவள் ஒரு ராஜ்ஜியத்தையே காக்கும் தெய்வம், மைசூர் அரசர்களின் குலதேவி.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சிக்கல் புதிதல்ல. பங்குனியில் உறையூர் போய்க் கமலவல்லியோடு சேர்ந்திருந்து திரும்பும் ஸ்ரீரங்கம் பெருமாளுக்கு ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்துகிறாள். நம்மாழ்வார் சமாதானம் பேசி வைக்கிறார். ஆனால் சாமுண்டியோடு ஒப்பிட வேண்டியவள் கன்னியாகுமரி. பாணாசுரனைக் கன்னி ஒருத்தியால்தான் கொல்ல முடியும். அவளோ சுசீந்திரத்து ஈசனுக்கு மணப்பெண்ணாகக் காத்திருக்கிறாள். நள்ளிரவில் முகூர்த்தம். மாப்பிள்ளை புறப்பட்டு வரும் வழியில் நாரதரின் சூழ்ச்சியால் சேவல் கூவிவிட, பொழுது விடிந்துவிட்டது என்று அவர் திரும்பிப் போகிறார். சமைக்க வைத்திருந்த அரிசியும் தானியமும் மணலாயின. அவள் அசுரனைக் கொன்றாள், கன்னியாகவே நின்றாள்.

குமரியில் கடமைக்காகக் காதல் நிறுத்தப்பட்டது. மைசூரில் கடமை முடிந்த பிறகே காதல் ஆரம்பமாகிறது. குமரிக் கதையில் ஏமாற்றம் உண்டு, பழி போட ஒரு சேவலும் உண்டு. சாமுண்டிக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. யாரும் அவளை ஏமாற்றவில்லை. அவன் இல்லாமல் முடியவில்லை. அவனோடு வாழவும் வழியில்லை. மலையை விட்டு இறங்கினால் அவள் சாமுண்டியும் இல்லை. 'கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருந்தார்கள்' என்று முடிக்க முடியாத கதை. குழந்தைகளுக்குச் சொல்ல முடியாத கதை என்பது அதன் சரசத்தால் அல்ல, இதனால்தான்.

குழந்தைக் கதையைப் பெரியவர்களுக்குத் திருப்பிச் சொல்லும் கலை வேறு இடங்களிலும் நடந்ததுதான். தலை மாறிய இருவரில் யார் கணவன் என்று வேதாளம் கேட்ட புதிர், நமக்கெல்லாம் அம்புலிமாமா நாட்களிலேயே பழக்கம். தலை யாருடையதோ அவனே கணவன் என்று அரசன் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டான். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1940இல் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டு ஒரு குறுநாவல் எழுதினார். கிரீஷ் கர்னாட் அதிலிருந்து 1971இல் 'ஹயவதன' நாடகத்துக்குப் போனார். 1988இல் வந்த 'நாகமண்டல', ராமானுஜன் சொன்ன வாய்மொழிக் கதைகளில் பிறந்தது. கணவன் உருவில் இரவில் வரும் பாம்பை நேசிக்கும் பெண்ணின் கதை அது. இவர்கள் எல்லோரும் கதைக்குள் தத்துவத்தைத் தாமே கொண்டுவந்து வைத்தார்கள். சாமுண்டி விஷயத்தில் அந்தச் சிரமம் மிச்சம். கேள்வி ஏற்கெனவே பாட்டுக்குள் இருக்கிறது.

கன்னட நாடக மேடையும் இதைக் கண்டுகொண்டது. சுஜாதா அக்கி எழுதிய 'சாம செலுவெ' என்ற நாடகத்தை மண்டிய ரமேஷ் இயக்க, மைசூரின் 'நடன' குழு மேடையேற்றியது. கருப்பொருள் இதே சாமுண்டி, நஞ்சுண்டன் காதல்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. நாகரிக ரசனைக்கு வாய்ச்சண்டை பிடிக்காது. அதைக் கத்தரித்தால் தேவீரியின் குரல் போய்விடும். தேவீரி இல்லாவிட்டால் மிஞ்சுவது நிலா வெளிச்சத்தில் இரண்டு தெய்வங்கள், காலண்டர் படம் போல. பக்தியின் பெயரால் கத்தரிப்பவர்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்கு நஞ்சுண்டனுக்கு இரண்டாவது வீடு என்ற பேச்சே கூசும். இந்த ஊரில் தெய்வக் கதைகள் இப்போது அத்தனை லேசான விஷயமும் அல்ல. 2023 டிசம்பரில் அந்தகாசுரனை வதம் செய்யும் கோயில் சடங்கின்போது, அசுரனின் உருவத்தை மிதிப்பது மகிஷனை அவமதிப்பதாகும் என்று ஒரு தரப்பு எதிர்க்க, தகராறாகிப் போலீஸ் வழக்கு வரை போனது. கொல்லப்பட்டவனுக்கும் வாரிசுகள் உண்டு என்பது தெரிந்துவிட்ட காலம் இது.

பாடகர்கள் யாரையும் கத்தரித்ததில்லை. மனைவியும் திட்டுவாள், காதலியும் திட்டுவாள், நடுவில் நஞ்சுண்டன் விழிப்பான். நஞ்சைத் தொண்டையில் நிறுத்தத் தெரிந்தவனுக்கு இந்த இரண்டு பேரையும் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கேட்பவர்கள் விடிந்ததும் அதே மலைக்கும் போவார்கள், அதே ஆற்றிலும் குளிப்பார்கள். பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. தன் வீட்டுச் சங்கடம் சாமி வீட்டிலும் உண்டு என்பதில் கிராமத்துக்காரருக்கு ஒரு நெருக்கம்.

பங்குனி வாக்கில் நஞ்சன்கூட்டில் பெரிய தேர்த் திருவிழா. ஐந்து தேர்கள் ஓடும். நஞ்சுண்டனுக்கு ஒன்று, கணபதிக்கு ஒன்று, சுப்பிரமணியருக்கு ஒன்று, சண்டிகேசுவரருக்கு ஒன்று, பார்வதிக்கு ஒன்று. சாமுண்டிக்கு அந்த வரிசையில் தேர் கிடையாது. அவளுடைய தேர் தசரா முடிந்து சில நாள் கழித்து, மலைமேல் தனியாக ஓடுகிறது.