அடுப்பும் அதன் சுடரும்

தமிழில் ‘அடு’ என்னும் வினைக்குச் சமைத்தல் என்பது ஒரு பொருள். கொல்லுதல் என்பது மற்றொரு பொருள். அடும் இடம் அட்டில் ஆயிற்று. அடும் கருவி அடுப்பு ஆயிற்று. சோறாக்கும் நெருப்பே, காப்பார் சோர்ந்தவிடத்து உயிரையும் கொள்ளும். சொல்லுக்குள் அடங்கிய இவ்வுண்மை, இந்நாளில் பல வீடுகளிலும் இடம் பெற்றுள்ள எரிவாயு வாட்டடுப்புக்கும் பொருந்தும். மீனும் இறைச்சியும் சோளமும் வாட்டுதற்குரிய, கையில் தூக்கிச் செல்லத்தக்க அடுப்பு அது. பிறர் பயன்படுத்திய பழைய அடுப்பொன்று நம் கைக்கு வந்தால், அதனைச் செப்பனிட்டு மீண்டும் பயன்கொள்வது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது தானா ராத்தா. மலாய் மொழியில் இப்பெயர் ‘சமநிலம்’ எனப் பொருள்படும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் போ தேயிலை நிறுவனம் தோன்றிய பின்னர், தோட்டத்து லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் வளர்த்த விறகடுப்பு கண்ணைக் கரிக்கும், இருமலை எழுப்பும், கதவைத் திறக்கச் செய்யும். புகை துன்பமே ஆயினும் அது ஓர் எச்சரிக்கையும் ஆகும். எரிவாயு அடுப்போ அவ்வாறு எச்சரிப்பதில்லை. ஆதலின், அதனைத் துலக்குவோர் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை மட்டுமன்றித் தெரியாத குறைகளையும் தேடிக் காணுதல் வேண்டும்.

எரிவாயு அடுப்பின் அமைப்பு எளியது. உருளையிலிருந்து வரும் வாயு, ஊசிமுனை போன்ற சிறுதுளை வழியே விரைந்து பாய்கிறது. அவ்விரைவு அருகிலுள்ள காற்றையும் உடனிழுத்துக்கொண்டு குழலுக்குள் செல்கிறது. இரண்டும் கலந்து, எரிகுழலின் துளைகளில் வெளிப்பட்டு எரிகின்றன. எரியுமுன்னரே காற்றைக் கலக்கும் இம்முறையில் அமைந்த விளக்கை 1855ஆம் ஆண்டில் செருமானிய வேதியியல் அறிஞர் இராபர்ட்டு புன்சென் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தார். பள்ளி ஆய்வுக்கூடங்களில் அவர் பெயரால் வழங்கும் விளக்கு அதுவே. காற்று போதிய அளவு கலந்தால் சுடர் நீலமாக எரியும். குறைந்தால், எரியாத கரித்துகள்கள் வெம்மையால் ஒளிர்ந்து சுடர் மஞ்சளாகும். அத்துகள்களே பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன. எனவே, அடுப்பைச் செப்பனிடுதலாவது காற்றின் வழியைச் செப்பனிடுதலே என்று கொள்க.

முதற்கண், உருளையை மூடிக் கழற்றி அப்பாற் வைத்தல் வேண்டும். அடுப்பு நன்கு ஆறியிருத்தல் வேண்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்க. கம்பித்தட்டையும் கொழுப்பு வடியும் தட்டையும் எடுத்து, சோப்புக் கலந்த வெந்நீரில் ஓர் இரவு ஊற வைத்தால் பழைய பிசுக்கு இளகிவிடும். பின்னர்த் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவலாம். சலவைச் சோடா இரும்புக்கு ஏற்றது, அலுமினியத்தை அரித்துவிடும். கம்பித் தூரிகையால் தேய்ப்போர், உதிர்ந்த கம்பியிழை தட்டில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். உணவோடு அது தொண்டைக்குள் செல்லக்கூடும். வார்ப்பிரும்புத் தட்டாயின், துருவைத் தேய்த்து நீக்கி, ஈரம் உலர்த்தி, எண்ணெயை மெல்லியதாகப் பூசிச் சூடேற்றுக. நம் தாய்மார்கள் புதிய தோசைக்கல்லைப் பழக்கும் முறையும் இதுவேயன்றோ?

அடுத்தது எரிகுழல். அதன் துளைகளில் அடைந்துள்ள கரியை மெல்லிய கம்பியால் நீக்கலாம். ஆயின், வாயு பாயும் சிறுதுளையை மட்டும் ஊசியால் குத்துதல் ஆகாது. அது பெரும்பாலும் பித்தளையால் ஆனது. சிறிது அகன்றாலும் வாயு மிகுந்து, காற்றின் அளவு போதாமற் போகும். சோப்பு நீரில் ஊறவைத்துத் தூரிகையால் கழுவி உலர்த்துதலே போதும். காற்றுக் குழலையும் வெளிச்சத்தில் பிடித்து நோக்குக. நெடுநாள் கிடந்த அடுப்பின் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டுவது உலகெங்கும் கண்ட செய்தி. ஒரு சிறு நூலாம்படை காற்றைத் தடுத்து, வாயுவைத் திருப்பி, தீயைக் கைப்பிடிப் பக்கம் எழச் செய்தலும் உண்டு. துருவேறித் துளைகள் ஒன்றோடொன்று கூடிவிட்ட எரிகுழலைச் செப்பனிட முயலாது மாற்றிவிடுதலே முறை.

இரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்து, வெடிப்புக் காணின் புதியது வாங்குக. ஒட்டுப் போடுதல் கூடாது. உருளையை மாட்டிய பின், எரியவிடுவதற்கு முன்பே, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது பெருங்கேடு. புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இவ்வாயுக்கள் காற்றினும் கனமானவை. கசிந்தால் மேலெழாமல் தரையிலும் பள்ளத்திலும் தங்கும். அடுப்பின் மூடியைத் திறந்த பின்னரே பற்றவைக்க வேண்டும் என்பதும் இக்காரணம் பற்றியே.

இனி, மலைவாழ்வோர் தனியே கருதத்தக்கது ஒன்றுண்டு. தானா ராத்தாவின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையை நோக்க ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரே அளவு காற்றில் அடங்கிய உயிர்வளியும் அதற்கேற்பக் குறையும். காற்றுவழி அடைந்த அடுப்பு இங்கு மேலும் விரைவில் மஞ்சள் சுடர் காட்டும். அத்துடன் குளிரும் சேர்கிறது. இரவில் சன்னல்களை அடைத்து, அடுப்பை உள்ளே கொணர்ந்து, ‘ஊணும் ஆயிற்று, குளிர்காய்தலும் ஆயிற்று’ என்று கருதுவோர் இடர்ப்படுவர். குறையாக எரிந்த வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேல் எளிதாக அது பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றும்; உறங்குவோர் எழாமலே போவர். கசிவை அறிவிக்க வாயுவில் சேர்த்துள்ள நெடியும் இங்கு உதவாது. அது வாயுவோடு எரிந்துவிடும். ஆகவே, எத்துணைச் சிறப்பாகச் செப்பனிட்டதாயினும், வாட்டடுப்பை வீட்டினுள்ளும் கூடாரத்தினுள்ளும் எரித்தல் ஒருபோதும் ஆகாது.

இம்மலையில் புகழ்பெற்ற ஸ்டீம்போட் உணவுக்குப் பயன்படும் சிறு வாயுக்குப்பி அடுப்பிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குப்பியின் மேல் நீண்டு கவியும் பெரிய சட்டியை வைத்தால், வெப்பம் திரும்பிக் குப்பியைச் சுடும். அழுத்தம் ஏறி அது வெடிக்கவும் கூடும். அவ்வடுப்பையும் காற்றோட்டம் உள்ள இடத்திலேயே எரித்தல் வேண்டும்.

துலங்குதல் தன்வினை, துலக்குதல் பிறவினை. நாம் துலக்கினால் பொருள் துலங்கும் என்று இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர், எது துலங்க வேண்டும் என்றும் மாணவரைக் கேட்கலாம். தகடு பளபளத்தும் சுடர் மஞ்சளாக இருப்பின் அடுப்பு துலங்கிற்று என்று சொல்லல் இயலாது. தகடு மங்கியிருந்தும், நுரையில் குமிழி எழாது, சுடர் நீலமாக நின்று எரியுமாயின் அதுவே துலங்கிய அடுப்பு. அதனை முற்றத்தில் வைத்து ஏற்றுக. குடும்பத்தார் சுற்றி அமர்க. அடுதல் என்னும் சொல்லின் நல்ல பொருளே அங்கு விளங்கும்.