கல்யாண ஓலை வந்திருக்கு! வீட்டிலேயே செய்யலாம் பனையோலைப் பத்திரிகை

கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் கூடும் முதல் பஞ்சாயத்து, பத்திரிகைக்குத்தான். எந்தப் பெரியப்பா பெயர் முதலில் வரணும், எந்த மாமா பெயர் விட்டுப்போச்சு என்று தொடங்கும் பேச்சு, சிவகாசியிலிருந்து கட்டு வந்து இறங்கும்வரை ஓயாது. அவ்வளவு பாடுபட்டு அடித்த பத்திரிகை, கல்யாணம் முடிந்த சில நாளில் பழைய பேப்பரோடு போய்விடும்.

நெருங்கிய சொந்தங்களுக்காவது காலத்துக்கும் வைத்துக்கொள்வது போல, நம் கையாலேயே ஒன்று செய்து கொடுத்தால் என்ன? ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதற்கான பொருள் கண்ணெதிரே நிற்கிறது. பனை ஓலை!

ஓலை வாசிப்பு

காகிதம் புழக்கத்துக்கு வரும் முன்பு நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஓலையில்தான் போயின. அந்தச் சொல் இன்னும் மறையவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் மணமக்களின் பெயரை அறிவிப்பதை 'ஓலை வாசிப்பது' என்றே சொல்கிறார்கள்.

எப்படிச் செய்வது?

அதிகம் முற்றாத ஓலையாகப் பாருங்கள். பனையேறுபவரிடம் சொல்லிவைத்தால் பதமானதை வெட்டித் தருவார். குருத்தை மொத்தமாக வெட்டச் சொல்லாதீர்கள், மரம் நலிந்துவிடும்.

நடுவில் இருக்கும் ஈர்க்கை நீக்கி, 8 அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு வெடிக்கும். லேசான ஈரம் இருக்கும்போதே கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் தகடு போல நிமிரும்.

அந்தக் காலத்தில் எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைப்பார்கள். கீறிய இடத்தில் மட்டும் கருமை தங்கி எழுத்து தெரியும். ஓலை கிழியும் என்று புள்ளிகூட வைக்காமல் விடுவார்கள். நமக்கு அழியாத மார்க்கர் பேனா போதும். உதிரி ஓலையில் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் ஓலையில் மணமக்கள் பெயர், இரண்டாவதில் நாளும் முகூர்த்தமும், மூன்றாவதில் மண்டபமும் ஊரும், நான்காவதில் அழைக்கும் பெற்றோர் பெயர். துளையிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்தால் பத்திரிகை தயார். தாத்தா, அத்தை, சித்தி என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்தால், 'என்னைக் கேட்கலையே' என்ற மனக்குறையும் வராது.

இதையும் கவனியுங்கள்

கடற்கரை ஊராச்சே என்று சிப்பி, பவளத்துண்டு ஒட்டி அழகு பார்க்க நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடா, பாதுகாக்கப்பட்ட கடல். பவளமும் சில வகைச் சங்குகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. ஓலையிலேயே பின்னிய சின்னப் பூ ஒன்று போதும்.

இன்னொன்று, திருமணப் பதிவு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி எந்த மதத்தினரும் திருமணமான 90 நாள்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். அப்போது பத்திரிகையையும் கேட்பார்கள். அதனால் முழு விவரத்தோடு கொஞ்சம் காகிதப் பத்திரிகையும் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்நூறு பேருக்கும் ஓலை எழுத முடியாது, கை ஓய்ந்துவிடும். குலதெய்வத்துக்கு ஒன்று, தாய்மாமனுக்கு ஒன்று, நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் பாட்டிக்கு ஒன்று என்று இருபத்தைந்து செய்தால் போதும். மற்றவர்களுக்குக் காகிதமும் வாட்ஸ்அப்பும் இருக்கின்றன.

வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து அந்த ஓலையை நீட்டிப் பாருங்கள். வாங்குகிறவர் முதலில் கேட்பது, 'யார் எழுதினது?' என்பதாகத்தான் இருக்கும். 'நான்தான் மாமா' என்று கல்யாணப் பொண்ணே சொன்னால், அதைவிட மரியாதையான அழைப்பு வேறென்ன?