ஆறு வாரத்து விருந்தாளி

நன்றிக்கு உவமை கூற நாயை அழைக்கும் நாமே, ஒருவரை இழித்துரைக்க வேண்டுமாயினும் அந்த நாயின் பெயரையே நாடுகின்றோம். இந்த இரட்டை மனப்பான்மை நம் தெருக்களிலும் வெளிப்படையாகத் தெரிகின்றது. விலை கொடுத்து வாங்கிய அயல்நாட்டு நாய் குளிரூட்டிய அறையில் உறங்கும். அதே வீட்டின் மதிற்சுவருக்கு வெளியே, வண்டி ஏறி நசுங்கிய காலை இழுத்துக்கொண்டு மற்றொன்று குப்பைத்தொட்டியை நாடிச் செல்லும். வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவந்து, நோய் தீர்த்து, பழக்கி, நல்ல குடும்பம் ஒன்று கிடைக்கும்வரை தம் வீட்டிலேயே வைத்துக் காக்கும் அன்பர்கள் சிலர் இன்று நம் நகரங்களில் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவர்கள் சம்பளம் பெறும் ஊழியர் அல்லர். பள்ளி ஆசிரியைகள், வங்கியில் பணிபுரிவோர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற தம்பதியர் என்று பலதிறப்பட்டோர். பெண்களே பெரும்பான்மையினர் என்பது பார்க்கும்போதே தெரியும். தாம் செய்யும் பணியை 'ஃபாஸ்டர்' என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றனர். இடைக்கால இல்லம் என்று நாம் சொல்லலாம். நாய்க்கு அது நிரந்தர வீடு அன்று. வைத்திருப்பவர் அதன் உரிமையாளரும் அல்லர். ஆறு வாரம் தங்கும் குட்டியும் உண்டு, ஆறு மாதம் தங்குவதும் உண்டு. ஆனால் புறப்படும் நாள் ஒன்று உண்டு என்பதை இருவருள் ஒருவராவது முதல் நாளிலிருந்தே அறிந்திருக்கின்றார்.

இப்பணிக்கு நம் மாநிலத்திலேயே நெடிய வரலாறு உண்டு. 1959ஆம் ஆண்டு சென்னையில் பெருமழை பெய்தபோது, வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியாகிய காப்டன் வி. சுந்தரம் எடுத்துத் தம் வீட்டிற்குக் கொண்டுவந்தார் என்பர். அவரும், அவரைப் போலவே விமானம் ஓட்டத் தெரிந்த அவர்தம் துணைவியார் உஷா சுந்தரமும், தம் பிள்ளைகளோடு அவ்வாண்டில் தொடங்கியதே இன்று கிண்டியில் இயங்கிவரும் புளூ கிராஸ். தொடக்கத்தில் தனிக் கட்டடம் ஏது? வீடே காப்பகமாயிற்று. சென்னை மாநகராட்சி அந்நாளில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை என்பதைக் கண்ட இச்சங்கத்தார், கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964 முதல் வலியுறுத்தி வந்தனர். மாநகராட்சி அதனை ஏற்க 1990களின் நடுப்பகுதி ஆயிற்று. 2001இல் நாடு முழுமைக்கும் அது விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வந்தன. தெருவில் படுத்திருக்கும் நாயின் காது நுனி சிறிது வெட்டப்பட்டிருந்தால், அது கருத்தடை செய்யப்பட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

ஒரு குட்டி வீட்டிற்கு வந்தபின் நடப்பவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இப்பணியின் அருமை அங்கேதான் இருக்கின்றது. தெருவிலிருந்து எடுத்த நாயை நேரே கூடத்தில் விட்டுவிடுவதில்லை. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணி நீக்கி, குடற்புழுவுக்கு மருந்து கொடுத்து, இரண்டு வாரமேனும் மற்ற நாய்களிடமிருந்து ஒதுக்கி வைக்கின்றனர். பார்வோ என்னும் நச்சுயிரிக் கழிச்சல் குட்டிகளுக்குப் பெரும் பகைவன். காலையில் துள்ளி விளையாடிய குட்டி மாலையில் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாய்ச் சுருண்டுவிடும். அந்த நச்சுயிரி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். சாதாரணப் பினாயிலுக்கு அது அஞ்சுவதில்லை, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். ஒரு குட்டியைப் பார்வோவுக்குப் பறிகொடுத்த வீட்டில், தடுப்பூசி போடாத மற்றொரு குட்டியை நெடுநாள் சேர்க்கமாட்டார்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. பின்பு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, நான்கு மாதம் நிரம்பும்வரை தொடர வேண்டும். வெறிநாய் நோய்க்கான ஊசி மூன்றாம் மாதத்தில். இத்தனைக்கும் கணக்கு வைத்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவரும் இல்லத்தரசியரை யான் கண்டிருக்கின்றேன். மளிகைக் கணக்கும் அதே ஏட்டில்தான்.

கண் திறவாத குட்டிகள் வந்துவிட்டால் வீட்டில் உறக்கம் போயிற்று. நாய்க்குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவு பகல் பாராது பாலூட்ட வேண்டும். பசும்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது, வயிற்றுப்போக்கையே வருவிக்கும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்தே கொடுக்கின்றனர். தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றிற்கு இல்லாமையால், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கின்றனர். தாய் நாய் நக்கிவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும் பருவம் அது. ஆதலால் ஈரப் பஞ்சினால் ஒவ்வொன்றையும் துடைத்துவிட வேண்டும். ஆறு குட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது குட்டியை முடிக்கும்போது முதற்குட்டி பசித்து அழும்.

வளர்ந்த நாயின் சிக்கல் வேறு. தெருவிலேயே பிறந்து வளர்ந்ததற்கு மின்விசிறியும் மிக்சியும் பேரச்சம். வழவழப்பான தரையில் கால் வழுக்கும். மாடிப்படி ஏறத் தெரியாது. கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு இரண்டு நாள் உண்ணாமலேயே கிடப்பதும் உண்டு. இழுத்து வெளியே எடுக்காதீர்கள் என்பது அனுபவசாலிகள் முதலில் சொல்லும் பாடம். தண்ணீரையும் சோற்றையும் அருகில் வைத்துவிட்டு, அதைப் பாராதவர் போல் தம் வேலையைச் செய்து கொண்டிருக்கின்றனர். அச்சம் அடங்க மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பழக மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்பது அவர்களிடையே வழங்கும் ஒரு கணக்கு. எல்லா நாய்க்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பொறுமை இழந்தவர்க்கு அது ஆறுதலாக இருக்கின்றது. வீட்டினுள் சிறுநீர் கழித்துவிட்டால் அடிப்பதும், மூக்கைத் தரையில் தேய்ப்பதும் நம் ஊரில் வெகு நாளாய் உள்ள வழக்கம். அச்சத்தைத் தவிர வேறெதையும் அது கற்பிப்பதில்லை. உண்டவுடனும் உறங்கி எழுந்தவுடனும் ஒரே இடத்திற்கு அழைத்துச் சென்றால், தானே கற்றுக்கொள்ளும்.

காப்பகம் ஒன்று கட்டி எல்லா நாய்களையும் அங்கே சேர்த்துவிட்டால் என்ன என்று பலரும் கேட்கின்றனர். காயம்பட்டவற்றிற்கும் போக்கிடமற்றவற்றிற்கும் காப்பகம் தேவையே. ஆனால் நெரிசல் மிகுந்த கூண்டில் ஒன்றின் நோய் அனைத்திற்கும் பரவும். அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம்வரை, மனிதரையும் குழந்தைகளையும் ஓசைகளையும் அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளப் பழகும் பருவம். அந்தப் பருவத்தைக் கம்பிக்குப் பின்னால் கழித்த நாய், பிற்பாடு எவ்வளவு அன்பு காட்டினும் மருண்டே நிற்கும். மருண்ட நாயே எளிதில் கடிக்கும். வீட்டில் வளர்ந்த குட்டியோ, குழந்தை வாலைப் பிடித்தால் என்ன செய்யும், தனியே விட்டால் குரைக்குமா, பூனையோடு ஒத்துப்போகுமா என்பதையெல்லாம் வளர்ப்பவர் கண்ணால் கண்டு, ஏற்க வருபவரிடம் உள்ளபடி சொல்ல முடிகின்றது.

ஏற்க வருபவரிடம் இவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டால் பெண் பார்க்கும் படலம் நினைவுக்கு வரும். சொந்த வீடா, வாடகை வீடா? வாடகையாயின் வீட்டுக்காரர் இசைந்தாரா? வீட்டில் அனைவருக்கும் விருப்பமா, அல்லது பையன் மட்டும் அடம் பிடிக்கின்றானா? ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்? மொட்டை மாடியில் கட்டிப்போட்டுக் காவலுக்கு வைக்கத்தான் வேண்டுமென்றால், பணிவோடு மறுத்துவிடுகின்றனர். உரிய வயதில் கருத்தடை செய்வதாக எழுதி வாங்குகின்றனர். செல்வம் எவ்வளவு என்று மட்டும் கேட்பதில்லை. ஓட்டு வீட்டில் மகிழ்ந்திருக்கும் நாய்களும் உண்டு, மாளிகையில் கட்டியபடியே கிடப்பனவும் உண்டு.

யாரும் கேட்காதவையும் சில உண்டு. கறுப்பு நிறம், மூன்று கால், முதுமை. பெண் குட்டி என்றாலே தயங்குவோர் மிகப் பலர். பெண்ணை வேண்டாமெனும் வழக்கம் இங்கேயும் நம்மை விட்டபாடில்லை! குட்டி போடுமே என்பது காரணமாயின், அதற்குத்தான் கருத்தடை இருக்கின்றதே. மற்றொரு புறம், பனிநாட்டு ஹஸ்கியைச் சென்னை வெயிலில் வளர்க்க ஆசைப்பட்டு, தோல் நோய் கண்டதும் ஏதோ ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்டுச் செல்வோர் இருக்கின்றனர். பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதற்குற்றத்திற்கு அச்சட்டம் வகுத்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும்! அந்நாளில் அது ஒரு தொகை; இன்றோ இரண்டு குவளைத் தேநீரின் விலை.

பிரியும் நாளைப் பற்றி இவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆசிரியை ஒருவர் யாம் கேட்டபோது, "இதை நானே வைத்துக்கொண்டால், அடுத்ததற்கு என் வீட்டில் இடம் ஏது, ஃபாதர்?" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் இந்தப் பணியின் முழு இலக்கணமும் இருக்கின்றது. அதை மறந்தோர் நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதையும் மறுக்க மனமின்றி ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்த்து, இரண்டு அறை வீட்டில் இருபது நாய்களோடு, கடனோடும், அண்டை வீட்டார் பகையோடும் வாழ்வோர் உண்டு. அன்பினால் தொடங்கியதுதான். ஆனால் அங்குள்ள நாய்கள் தெருவில் இருந்ததைவிட நலமாக இருப்பதாய்ச் சொல்ல இயலாது. இத்துணைதான் என்னால் ஆகும் என்று கதவை அடைக்கத் தெரிந்தவரே பல்லாண்டு இப்பணியில் நிலைத்திருக்கின்றார்.

நாய்களுக்கு அஞ்சுவோரை இரக்கமற்றவர் என்று ஏசுவதும் முறையன்று. நாய்க்கடி பட்ட குழந்தையின் தாயிடம் ஜீவகாருண்யம் பேசப் போவது அறிவீனம். வெறிநாய் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் அரிதினும் அரிது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டுள்ளனர், அவருள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் நம் நாட்டவர். ஆயினும் இது தடுக்கக்கூடிய மரணம். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் வரும்படி கடித்திருந்தால், இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நாய்களை வீட்டில் வைத்துப் பேணும் அன்பர்களுள் விவரம் அறிந்தோர், கடி படுவதற்கு முன்னரே தற்காப்பு ஊசி போட்டுக்கொள்கின்றனர்.

2025இல் இச்சச்சரவு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்குமாறு ஆகஸ்டு 11ஆம் நாள் ஆணை பிறந்தது. ஆகஸ்டு 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடலாம் என்றது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வரலாகாது என்றும் சொன்னது. நவம்பர் 7ஆம் நாள் ஆணையோ, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றியவற்றைத் திரும்ப அங்கே விடலாகாது என்றது. தீர்ப்புகளின் நிறை குறை பற்றி வாசகர்களிடையே பல கருத்துகள் இருக்கும். அகற்றப்படும் நாய் எங்கே போகும் என்ற கேள்விக்கு, ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு வீடுகள் சிறிது காலம் கதவு திறந்தால் அன்றி, விடை எளிதன்று.

தத்து கொடுப்பதால் மட்டும் தெருக்கள் வெறுமையாகிவிடும் என்று யாம் சொல்லவில்லை. ஒரு பெண் நாய் ஒன்பது வாரத்தில் ஈனும். நூறு குட்டிகளுக்கு வீடு தேடுவதற்குள் இருநூறு பிறந்துவிடும். கருத்தடையும் தடுப்பூசியுமே அடிப்படை. ஒரு வட்டாரத்து நாய்களில் பத்தில் ஏழிற்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இடைக்கால இல்லங்கள் அதற்கு மாற்று அல்ல. அறுவை முடிந்த நாய் புண் ஆறும்வரை படுத்திருக்க ஓர் இடம் வேண்டுமே. அந்த இடமும் இவர்கள் வீட்டுத் திண்ணையாகவே இருக்கின்றது.

நம் குடும்பங்களில் ஒன்று இதனை முயன்று பார்க்க எண்ணினால், முதலில் குட்டி ஒன்றை, அனுபவமுள்ள ஒருவர் துணையோடு, நாள் குறித்து ஏற்பது நலம். கைக்குழந்தை உள்ள வீட்டிலும், தடுப்பூசி போடாத வேறு நாய் உள்ள வீட்டிலும் இப்போது வேண்டாம். மருந்துச் செலவை யார் ஏற்பது, வீடு கிடைக்காவிடில் திரும்பப் பெறுவார்களா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும், இது நம்முடையதன்று, போகப் போகும் விருந்தாளி என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரிந்துகொள்கின்றனர். வீட்டில் இடமில்லாதோரிடம் இவர்கள் கேட்பது மிகச் சிறிது: பழைய செய்தித்தாள், கிழிந்த போர்வை, மருத்துவரிடம் சென்றுவர ஒரு வண்டி, தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்கு அஞ்சி ஓடிவரும் நாய்க்கு மாடிப்படியின் அடியில் ஒரு மூலை.