பெரியப்பாவின் யாஷிகாவை வாங்கலாமா?

என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய பெரியப்பா எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமரா இன்னும் தோலுறையோடு அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. சும்மா கிடைத்த பொருளை யாரும் மதிப்பதில்லை என்பது பெரியப்பாவின் கட்சி. அதனால் ஒரு விலை சொல்லியிருக்கிறார். “வாங்கலாமா மாமா?” என்று கேட்டாள். விலையைப் பேசுவதற்கு முன் அந்தக் கேமரா என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்துவிட்டால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்.

கேமராவின் முன்பக்கம் லென்ஸுக்கு மேலே இரண்டு சன்னல்கள் உண்டு. பெரிய சன்னல் வழியாக நாம் காட்சியைப் பார்க்கிறோம்; அதுதான் வ்யூஃபைண்டர். சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சின்னச் சன்னலும் அதே காட்சியைத்தான் பார்க்கிறது. அதில் நுழையும் ஒளி உள்ளே திரும்பி, பாதி வெள்ளி பூசிய ஒரு கண்ணாடியின் மேல் விழுகிறது. எதிரே வரும் ஒளியை அந்தக் கண்ணாடி உள்ளே விடும். பக்கவாட்டில் வரும் ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்பும். இரண்டு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். வ்யூஃபைண்டரின் நடுவே மஞ்சளாக ஒரு சிறு கட்டம். அதற்குள் எதிரே நிற்பவரின் மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டாவது மூக்கு நகர்ந்து வந்து முதல் மூக்கோடு சேரும். சேர்ந்துவிட்டால் ஃபோகஸ் சரி. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ரேஞ்ச்ஃபைண்டர்.

கோணத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் இந்த வித்தை பழையது. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். நீளம் தெரிந்த அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைக் குறிபார்த்துக் கோணங்களை எடுத்தால், குன்றுவரை நடக்காமலே அதன் தூரம் கிடைத்துவிடும். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணியின் முதல் படிகளில் ஒன்று அது. கேமராவிலும் அதே முக்கோணம்தான். கோடு சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. குன்று இருந்த இடத்தில் அத்தையின் முகம் இருக்கிறது. 1916-ல் கோடாக் தன் 3ஏ கேமரா ஒன்றில் இதை லென்ஸோடு இணைத்தது. 1932-ல் லைகா அதைச் சின்னஞ்சிறு உடம்புக்குள் அடக்கியது. 1966-ல் எலெக்ட்ரோ 35 வந்த பிறகு, லைகா வாங்க வசதியில்லாதவர்களின் வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது.

சில சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு எவ்வளவு நுட்பமாக அளந்துவிட முடியும்? சன்னல்களின் இடைவெளி 4 சென்டிமீட்டர், வ்யூஃபைண்டர் காட்சியைச் சிறிதாக்குவதில்லை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் நிற்பவரை இரு சன்னல்களும் பார்க்கும் திசைகளுக்கிடையே 2.3 பாகை வித்தியாசம் இருக்கும். அவர் 10 மீட்டருக்குப் போய்விட்டால் அது 0.23 பாகைதான். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அதன்படி பார்த்தால், 2 மீட்டரில் இருப்பவரின் தூரத்தை அளக்கும்போது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பிசகலாம். 4 மீட்டரில் 12 சென்டிமீட்டர் பிசகும். தூரம் இரட்டித்தால் பிசகு நான்கு மடங்காகிறது.

இதைக் குறையென்று எண்ணத் தோன்றும். எனக்கு இந்தக் கருவியின்மேல் தீராத வியப்பு பிறப்பதே இந்த இடத்தில்தான். லென்ஸ் ஒரு தூரத்தில் ஃபோகஸ் ஆனாலும் அதற்குச் சற்று முன்னும் பின்னும் இருப்பவை கூர்மையாகவே விழும். எலெக்ட்ரோவின் 45 மி.மீ. லென்ஸை எஃப் 1.7 என்று முழுக்கத் திறந்து வைத்தால், 2 மீட்டரில் அந்தச் சலுகை இருபுறமும் சுமார் 10 சென்டிமீட்டர். 4 மீட்டரில் சுமார் 40 சென்டிமீட்டர். இதுவும் நான்கு மடங்கு! முக்கோணக் கணிதம் எந்த வேகத்தில் தடுமாறுகிறதோ அதே வேகத்தில் லென்ஸ் காட்டும் சலுகையும் விரிகிறது. இரண்டும் தூரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், அருகில் நம்பக்கூடிய ரேஞ்ச்ஃபைண்டரைத் தொலைவிலும் நம்பலாம். லென்ஸின் குவியத்தூரம் கூடும்போதுதான் இந்த உடன்பாடு கெடுகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு 135 மி.மீ.க்கு மேல் லென்ஸ் அபூர்வமாக இருப்பதன் முக்கியக் காரணம் இதுதான்.

ஐம்பது வருஷமானாலும் அந்த முக்கோணத்துக்கு மூப்பில்லை. பித்தளையும் கண்ணாடியும் வைத்த இடத்தில் இருக்கும்வரை கோணம் மாறாது. அடிபட்டால் மாறும். 1808-ல் லாம்டனின் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் அடைந்து கிடந்து ஆறு வாரம் பாடுபட்டு அதைச் சரிசெய்தார். கேமரா எப்போதாவது கீழே விழுந்ததா என்று பெரியப்பாவிடம் கேட்டுவிடுவது நல்லது. அவர் மறந்திருந்தாலும் கேமரா சொல்லிவிடும். வளையத்தை முடிவிலிக் குறிவரை திருகி, தொலைவிலுள்ள கோபுரக் கலசத்தையோ செல்போன் டவரையோ பார்க்க வேண்டும். இரண்டு பிம்பமும் ஒன்றாகிவிட்டால் கவலையில்லை. பக்கவாட்டில் விலகியிருந்தால் விவரமறிந்த மெக்கானிக் திருப்புளியால் சரிசெய்துவிடுவார். மேலும் கீழுமாக விலகியிருந்தால் சற்று மெனக்கெட வேண்டும். மஞ்சள் கட்டமே மங்கியிருந்தால், பெரிய சன்னலின் வெளிப்புறம் நடுவில் ஒரு சின்னக் கருப்பு டேப் துண்டை ஒட்டிப் பாருங்கள். இரண்டாவது பிம்பம் பளிச்சென்று எழும்.

இந்தக் கேமராவின் இன்னொரு அற்புதம் ஷட்டர். மேற்பகுதியில் முன்பக்கம் ஒரு சிறு ஒளிக்கண் இருக்கிறது. அதிலுள்ள கேட்மியம் சல்ஃபைட் இருட்டில் மின்சாரத்தைத் தடுக்கும், வெளிச்சத்தில் வழிவிடும். ஷட்டர் திறந்ததும் அதன் வழியாக ஒரு மின்தேக்கி நிரம்பத் தொடங்கும். குறித்த அளவு நிரம்பியதும் மின்காந்தம் பிடியை விட, ஷட்டர் மூடிக்கொள்ளும். வெயிலில் நொடியில் 500-ல் ஒரு பங்கிலேயே நிரம்பிவிடும். இருட்டில் 30 நொடிகூட ஆகலாம். இதைக் கடையிலோ வீட்டிலோ நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். பேட்டரி போட்டு, பின்கதவைத் திறந்து வைத்து, ஒளிக்கண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குங்கள். ‘டிக்’ என்று ஷட்டர் திறந்து, திறந்தபடியே நிற்கும். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் லென்ஸ் வழியே அறை தெரியும். விரலை எடுத்ததும் இன்னொரு ‘டிக்’கோடு அது மூட வேண்டும். படம் விழுந்துகொண்டிருக்கும்போதே கேமரா வெளிச்சத்தை அளந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த இரண்டாவது சத்தத்தில் நேரடியாகக் கேட்கலாம். விரல் இருந்தாலும் எடுத்தாலும் ஒரே சத்தம்தான் வருகிறதென்றால் மின்சாரம் ஓடவில்லை. அப்போது கேமரா எல்லாப் படத்தையும் 500-ல் ஒரு பங்கு நொடியிலேயே எடுக்கும்.

கேமரா பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை மெத்தென்ற பொருள்கள்தான். ரப்பர், ஃபோம், கிரீஸ் இவற்றுக்குத்தான் வயதாகிறது. எலெக்ட்ரோவின் உள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு ரப்பர் துண்டு உண்டு. அது கரைந்துபோனால் உள்ளிருக்கும் தண்டு தன் இடத்துக்குத் திரும்பாமல் ஷட்டர் வேகம் முழுவதும் குழம்பிவிடும். ஒரு படம் எடுத்தபின் லிவரை இழுக்கும்போது உள்ளே ‘டொக்’கென்று சத்தம் கேட்டால் அந்தத் துண்டு உயிரோடு இருக்கிறது. பின்கதவு ஓரத்தில் ஒளி புகாமல் அடைத்திருக்கும் ஃபோம், நம் ஊர் ஈரத்தில் தார்போலப் பிசுபிசுத்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு மாற்றுவது சின்ன வேலை. அதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம். வளையம் இறுகியிருந்தால் மட்டும் பலவந்தமாகத் திருகாதீர்கள்.

பேட்டரி விஷயம் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. அந்தக் காலத்தில் இதற்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி போட்டார்கள். பாதரசத்தின் நச்சால் பல நாடுகள் அதைத் தடைசெய்தன. 2013-ல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையும் வந்தது. இப்போது கிடைக்கும் சிறிய 6 வோல்ட் பேட்டரியை ஓர் அடாப்டரில் வைத்தால் எலெக்ட்ரோ ஏற்றுக்கொள்கிறது. பேட்டரி அறைக்குள் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் உண்மையில் அஞ்சுவது ஃபங்கஸுக்குத்தான். பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. கடலோர ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் லென்ஸின் உள்ளே அவை முளைவிடும். கண்ணாடிமேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலமும் தூசியும் அதற்குத் தீனி. தோலுறைக்குள் பூட்டி பீரோவில் வைப்பது பத்திரமென்று நினைக்கிறோம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தோல், லென்ஸுக்கு மிக மோசமான துணை. விரலால் ஒளிக்கண்ணை மூடி ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும்போதே, செல்போன் டார்ச்சை லென்ஸ் வழியே சாய்த்து அடித்துப் பாருங்கள். வேர்போலக் கிளைவிட்ட மெல்லிய நூல்கள் தெரிந்தால் அதுதான். புதிதென்றால் லென்ஸைப் பிரித்துத் துடைத்து எடுத்துவிடலாம். நாள்பட்டது என்றால் அது சுரந்த அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்திருக்கும். துடைத்த பின்னும் நூலின் தடம் கண்ணாடியிலேயே நிற்கும். ஓரத்தில் சிறிதாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் படம் முழுதும் பால்போல வெளிறும். எலெக்ட்ரோவின் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது என்பதால், அப்படிப்பட்ட கேமராவை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இத்தனை சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பின்கதவைத் திறப்பதற்கு முன் ஃபிலிமைச் சுற்றும் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்புங்கள். இழுவை தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது; அதில் எடுத்த படங்கள் இன்னும் தேறலாம். வெளிச்சம் பட்ட ஒரு வெள்ளி உப்புத் துகளில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடினாலே போதும். ஃபிலிம் கழுவும்போது ரசாயனம் அந்தத் துகளை முழுவதுமாக வெள்ளியாக்கிவிடும். துகள் ஒன்றில் நூறு கோடி என்ற கணக்கில் வெள்ளி அயனிகள் இருக்கின்றன என்றால் அந்தப் பெருக்கத்தை எண்ணிப் பாருங்கள். அந்த நான்கைந்து அணுக்கள் சிதையாமல் பல வருஷம் காத்திருக்கவும் கூடும். படம் மங்கியிருக்கும், ஆனாலும் மனிதர்கள் அடையாளம் தெரியலாம். அடியிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு ரோலை முழுக்கச் சுற்றி எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் படங்கள் கேமராவின் விலையில் சேராது.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. 1960-ல் ஊட்டியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த காலம் போய்விட்டது. இப்போது ரோல்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, கழுவித் தரும் இடங்களும் குறைவு. ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் மூன்றையும் கூட்டி 36-ஆல் வகுத்துப் பார்த்து, ஒரு படத்துக்கு அவ்வளவு கொடுக்க மனம் ஒப்புகிறதா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேமராவுக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். இதை மாதாமாதம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவளிடம் நான் சொன்னது இதுதான்: லென்ஸ் தெளிவாக இருந்து, விரல் சோதனையில் இரண்டு ‘டிக்’கும் கேட்டால் வாங்கு. ஃபோம் மாற்றவும் துடைக்கவும் ஆகும் செலவைப் பெரியப்பாவிடம் மறைக்காமல் சொல்லி அதைக் கழித்துக்கொள்ளச் சொல். அதற்கும் முன்பு ஒரு ரோல் போட்டு எடு. எஃப் 1.7-ல் வைத்து 1 மீட்டர், 2 மீட்டர், 5 மீட்டர் தூரங்களில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடு. இன்னொன்றைத் தொலைவுக் கோபுரத்துக்கு எடு. எந்தப் படம் எந்தத் தூரம் என்று குறித்துவை. கழுவுகிற இடத்தில் ஸ்கேனோடு நெகட்டிவையும் கேட்டு வாங்கு. செய்தித்தாளின் சின்ன எழுத்தும் கோபுரமும் அந்த நாலு நெகட்டிவிலும் எங்கே கூர்மை, எங்கே மங்கல் என்று பெரியப்பாவோடு உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் பார். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.