காற்று வரலாம், பல் வரக்கூடாது!

2022ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் முட்டைக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டின் நாமக்கல்லில் இருந்துகூட முட்டைகள் இங்கே வந்து இறங்கின. "வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்த்தால் என்ன?" என்ற கேள்வி அப்போது உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். லயத்து வீடுகளில் கோழி வளர்த்த கதை நிறைய வரும். கூடவே, ஒரே இரவில் எல்லாக் கோழிகளும் போன கதையும் வரும். கோழி வாங்குவது எளிது. அதை விடியும்வரை காப்பதுதான் கடினம். ஆகவே, மாணவர்களே, கோழியை வாங்கிவிட்டுக் கூண்டைப் பற்றி யோசிக்காதீர்கள். கூண்டை முடித்துவிட்டுக் கோழியை வாங்குங்கள்.

கூண்டுக்கு ஏன் இரண்டு பகுதி?

வீட்டுக்கோழியின் மூதாதை, நம் காடுகளில் இன்றும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் அதைப் பார்க்கலாம். பகலில் அது தரையைக் கிளறி இரை தேடும். இருட்டியதும் மரக்கிளையில் ஏறி உறங்கும். நம் வீட்டுக்கோழிக்கும் அதே பழக்கம்தான். மரக்கிளைக்குப் பதிலாக உயரத்தில் ஓர் இரவு அறையும், காட்டுத் தரைக்குப் பதிலாகக் கம்பிவலை அடைத்த ஒரு முற்றமும் அதற்குத் தேவை.

4 கோழிகளுக்கு 1.2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள அறை போதும். முற்றம் குறைந்தது 4 சதுர மீட்டர் இருக்கட்டும். உள்ளே ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர் வீதம் 1 மீட்டர் நீளத்தில் உறங்கும் கம்பு ஒன்றைப் பொருத்துங்கள். முட்டையிடும் பெட்டி அந்தக் கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமான இடத்தைத்தான் கோழி உறங்கத் தேடும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதிலேயே உறங்கி முட்டைகளை அசுத்தமாக்கிவிடும். சேவல் இல்லாமலும் பெட்டைக்கோழி முட்டையிடும். அண்டைவீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்!

முதல் பகை: வெப்பம்

கோழியின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. சூடு அதிகமானால் அலகைத் திறந்து மூச்சிரைக்கும். அப்போது வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். எனவே கூண்டுக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோலசிலாங்கூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் கிழக்குப் பக்கம் எழுந்து மேற்குப் பக்கம் மறைகிறது. கூண்டின் குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்தால், காலை, மாலை வெயில் குறைவாகவே உள்ளே விழும். சூடான காற்று மேலே எழும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அது வெளியேறக் கூரைக்குக் கீழே இடைவெளி விடுங்கள். தகரக் கூரை என்றால் மேலே அத்தாப்பு ஓலை வேயலாம். சாரல் உள்ளே அடிக்காதபடி கூரை விளிம்பு நீண்டிருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதியே யூரிக் அமிலம். அதில் ஈரம் பட்டால் பாக்டீரியா அதை அம்மோனியா வாயுவாக மாற்றும். அந்த வாயு கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் நெல்வயல் பக்கம் கிடைக்கும் உமியைத் தரையில் பரப்பினால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் கம்பின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். மூக்கு எரிந்தால் உமியை மாற்ற வேண்டும், காற்றுவழியைப் பெரிதாக்க வேண்டும்.

இரண்டாம் பகை: இரவு வேட்டைக்காரர்கள்

மலேசியாவில் செம்பனை முதன்முதலில் வணிக நோக்கில் நடப்பட்டது இந்த மாவட்டத்தில்தான்: 1917இல், இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில். செம்பனைப் பழத்தை எலி தின்னும். எலியைத் தேடி மலைப்பாம்பு வரும். முசாங் என்ற மரநாய்க்குப் பழமும் வேண்டும், எலியும் வேண்டும். கால்வாய் ஓரங்களில் பகலில் நீர் உடும்பு திரியும். அது முட்டையையும் குஞ்சையும் விடாது. தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இவற்றுக்கும் உங்கள் கோழிக்கும் இடையே நிற்பது கூண்டு மட்டுமே.

கடையில் 'கோழி வலை' என்று விற்கும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். மரநாய் உள்ளே வருவதைத் தடுக்காது. 12 மில்லிமீட்டர் கண் உள்ள, பற்றவைத்த சதுரக் கம்பிவலையை வாங்குங்கள். முற்றத்தைச் சுற்றி வலையை 30 சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதையுங்கள். வேலியின் அடியில் தோண்டும் விலங்குக்கு அந்த வலை தடையாகும். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் வையுங்கள்.

எலிகளைக் குறைப்பதால் இந்த விலங்குகளால் தோட்டத்துக்கு நன்மையும் உண்டு. எனவே பொறி, விஷம் எதுவும் வேண்டாம். மலைப்பாம்பைக் கண்டால் நெருங்காமல் 999க்கு அழையுங்கள்.

மூன்றாம் பகை: கண்ணுக்குத் தெரியாதது

மலாய்க்காரர்கள் 'சம்பார்' என்றும், தமிழ்நாட்டு விவசாயிகள் 'வெள்ளைக்கழிச்சல்' என்றும் அழைப்பது ஒரே நோயைத்தான். அது 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கண்டறியப்பட்ட நியூகாசல் நோய். அதற்குத் தடுப்பூசி இருந்தது. ஆனால் அதைக் குளிரில் வைக்க வேண்டும். திரியும் கோழியை ஒவ்வொன்றாகப் பிடிக்கவும் வேண்டும். கிராமத்தில் இரண்டும் சிரமம்.

1980களில் நம் சிலாங்கூரின் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் ஆஸ்திரேலியர்களுடன் சேர்ந்து ஒரு வழி கண்டனர். வி4 என்ற, நோய் உண்டாக்காத வைரஸ் வகையிலிருந்து வெப்பத்தைத் தாங்குவதைத் தேர்ந்தெடுத்துத் தீவனத்தின்மேல் பூசினர். தடுப்பு மருந்தைக் கோழி தானே கொத்தித் தின்றது! மாலையில் ஒரே இடத்தில் வந்து அடையும் கோழிக்கு மருந்து கொடுப்பதும், சோர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதும் எளிது. கூண்டின் இன்னொரு பயன் இதுதான். தடுப்பு மருந்து பற்றி மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள்.

2007 ஜூன் மாதம் சுங்கை பூலோ கிராமம் ஒன்றின் நாட்டுக்கோழிகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் காணப்பட்டது. நோய் பரவாதிருக்க, சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டன. ஒரு வீட்டுக் கோழிக்கு வரும் நோய் ஊருக்கே இழப்பாகலாம். ஆகவே, காட்டுப் பறவைகளின் எச்சம் விழாதபடி முற்றத்துக்கும் கூரை போடுங்கள். தீவனத்தை மூடி வையுங்கள். புதுக்கோழியை 2 வாரமாவது தனியாக வையுங்கள். கோழியைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கோழிகள் திடீரெனச் செத்தால் மறைக்காமல் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். தாமானில் குடியிருந்தால், தொடங்கும் முன்பே ஊராட்சி மன்றத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசித் தேர்வு

கூண்டு தயாரா? கோழி வாங்க இன்னும் ஓர் இரவு பொறுங்கள். இருட்டியதும் நண்பரைக் கைவிளக்கோடு வெளியே நிறுத்திவிட்டு, நீங்கள் அறைக்குள் தலையை நுழைத்துப் பாருங்கள். அவர் சுற்றி வந்து வெளிச்சம் அடிக்கட்டும். கம்பிவலை இல்லாத இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால் எலியும் நுழையும், குட்டிப் பாம்பும் நுழையும். அந்த ஓட்டையை அடைத்த பிறகு கோழியைக் கொண்டு வாருங்கள்.