நான்காம் பரிமாணமும் நம் விசுவாசமும்

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று பரிமாணங்களுள் நாம் வாழ்கிறோம். இடத்துக்கு நான்காவது பரிமாணமும் உண்டு. வானதூதரும் இறந்தோரின் ஆன்மாக்களும் அங்கேதான் உறைகின்றனர். பூட்டிய அறையினுள் உயிர்த்த ஆண்டவர் தோன்றியதும் அவ்வழியேதான் என்று விளக்கம் கூறுவோர் உளர். அறிவியலே விசுவாசத்துக்குச் சான்று பகர்வதாக எண்ணி, கற்ற இளைஞரும் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி நிலைக்கத்தக்கதா என ஆராய்வோம்.

இக்கருத்தைப் பரப்பிய நூல்களுள் ஒன்று, 1884-இல் வெளியான 'பிளாட்லாந்து'. எழுதியவர் எட்வின் ஆபட் என்னும் ஆங்கிலிக்கன் குரு. தாள் போன்ற தட்டை உலகில் வாழும் சதுரம் ஒன்றைக் காண, உருண்டை ஒன்று வருகிறது. சதுரத்தின் கண்ணுக்கு அது திடீரெனத் தோன்றி, பெருத்து, சிறுத்து, மறையும் வட்டமாகவே படுகிறது. நாமும் அச்சதுரம் போன்றவரே என எண்ணுவது பணிவைக் கற்பிக்கும். அதில் தவறில்லை.

ஆனால் உவமையை உண்மையெனக் கொண்டோர் இடறினர். 1877-இல் லைப்சிக் நகர வானியலறிஞர் சோல்னர், ஹென்றி ஸ்லேட் என்னும் ஆவி அழைப்பாளரைக் கொண்டு சோதனை நடத்தினார். முனைகள் முத்திரையிடப்பட்ட கயிற்றில் முடிச்சுகள் விழுந்தன. இது நான்காம் பரிமாண ஆவிகளின் செயல் என்றார் சோல்னர். ஸ்லேடோ முந்திய ஆண்டில் லண்டனில் மோசடி வழக்கில் சிக்கியவர்!

இயற்பியல் கூறுவது யாது? பொருள்கள் வெறும் வடிவங்கள் அல்ல, அணுக்களால் ஆனவை. நம் உலகில் தொலைவு இரு மடங்கானால், ஈர்ப்பு விசையும் மின்விசையும் கால் பங்காகின்றன. இடத்துக்குப் பரந்த நான்காம் பரிமாணம் இருந்தால், அவை அரைக்கால் பங்காகிவிடும். அப்போது கோள் ஞாயிற்றில் விழும், அல்லது விலகி ஓடும் என 1917-இல் எரென்ஃபெஸ்ட் என்னும் அறிஞர் காட்டினார். அணுக்கருவைச் சார்ந்த எலக்ட்ரானுக்கும் அதே கதிதான். அணுவே நில்லாத இடத்தில் கை ஏது, கண் ஏது?

கூடுதல் பரிமாணம் மிக நுண்ணியதாய்ச் சுருண்டிருக்கலாம் என 1926-இல் ஆஸ்கர் கிளைன் கருதினார். தொலைவில் கோடாகத் தெரியும் கொடிமரத்தை, அருகே சென்றால் எறும்பு சுற்றிவரக் காண்கிறோம் அல்லவா? அத்தகையது அது. எனினும், அணுவினும் சிறிய இடத்தில் எவர் குடியிருப்பார்?

நம் துகள்களும் ஒளியும் மூன்று பரிமாணங்களிலேயே கட்டுண்டிருக்க, ஈர்ப்பு விசை மட்டும் அப்பால் செல்லலாம் என்னும் கருத்து 1998-இல் எழுந்தது. அப்படியாயின், கயிற்றின் துகள்களை அப்பால் தூக்கி முடிச்சிடுவது எங்ஙனம்? ஜெனீவாவுக்கு அருகில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் துகள்களை மோதவிட்டுத் தேடுகின்றனர். கூடுதல் பரிமாணத்தின் சுவடு இன்றுவரை கிட்டவில்லை.

நாளை கிட்டினும், நம் விசுவாசத்துக்கு அதனால் ஆக்கமும் இல்லை, அழிவும் இல்லை. நான்கு பரிமாண உயிர் ஒன்று இருப்பினும், அது நம்மினும் பெரிய படைப்பு, அவ்வளவே. வானதூதருக்கு உடல் இல்லை. அவர்கள் ஓரிடத்தில் இருப்பது அதை நிரப்புவதால் அன்று, அங்கே செயலாற்றுவதால் என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவுபடுத்தினார். இறைவனோ எல்லாப் பரிமாணங்களையும் படைத்தவர். அவற்றுள் ஒன்றில் ஒளிந்திருப்பவர் அல்லர். பூட்டிய அறையில் ஆண்டவர் காட்டியது வடிவக்கணித வித்தை அன்று. காயமுற்ற தம் கைகளையும் விலாவையுமே காட்டினார். தாம் விரும்பியவாறு, விரும்பிய இடத்தில் இருக்கவல்லது அவரது மாட்சிமை பெற்ற உடல்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. அன்பு மகனையோ தாயையோ இழந்து கலங்கும் குடும்பத்தாரிடம், "அவர் வேறு பரிமாணத்தில் இருக்கிறார், பேச வைக்கிறோம்" என அறிவியல் பெயரால் அழைப்போர் உளர். அவ்வாசலை அணுகாதீர்கள். ஆவிகளை அழைப்பதைத் திருச்சபை விலக்கியுள்ளது. இறந்தோரோடு நம்மை இணைக்கும் வழி ஏற்கெனவே நமக்கு அருளப்பட்டிருக்கிறது. அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். இல்லத்தில் கூடிச் செபமாலை சொல்லுங்கள். கிறிஸ்துவில் நாம் ஒருவருக்கொருவர் தொலைவில் இல்லை.