பழைய காரும் அதன் பெட்ரோல் தொட்டியும்

பெட்ரோல் தொட்டி ஒரு தகரப் பெட்டிதானே, ஓட்டையாகிவிட்டால் வேறொன்றைப் பொருத்தினால் போதாதா என்று நாம் நினைக்கலாம். பழங்கார்களில் அது அவ்வளவு எளிதன்று. தொட்டியின் வடிவமும் அது அமர்ந்துள்ள உயரமும் எஞ்சினின் ஓட்டத்தோடு தொடர்புடையவை. ஃபோர்டு ‘டி’ மாடல் கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பம்பு இல்லாத கார்

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஒன்றரைக் கோடி அளவில் உருவான இக்காரில் பெட்ரோல் பம்பு கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. கார்புரேட்டர் அதைவிடத் தாழ்ந்த மட்டத்தில் இருந்ததால், பெட்ரோல் புவியீர்ப்பினால் தானே இறங்கிச் சென்றது. ஓர் அடி உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் செங்குத்தான மேட்டில் வண்டியின் முன்பக்கம் உயரும்போது கார்புரேட்டரும் உயரும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். எனவே ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பி, பின்னோக்கி மேடேற்றினார்கள்! இத்தகைய வண்டியில் தொட்டி சற்றுத் தாழ்ந்தாலும் ஓட்டம் தடைப்படும் என்பது விளங்கும்.

அசல் தொட்டியைத் தேடுதல்

ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுதல்கள் உண்டு. ‘டி’ மாடலில் உருளை வடிவத் தொட்டியும் நீள்வட்டத் தொட்டியும் உள்ளன. ஆகவே காரின் ஆண்டு, உடலமைப்பு, தொட்டியின் அளவு, குழாய் பொருந்தும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே தேட வேண்டும். அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் கூடும் பழங்கார்ச் சந்தை இத்தகைய தேடலுக்குப் பெயர்பெற்றது.

கிடைத்த தொட்டியின் உட்புறத்தை ஆராய வேண்டும். அக்காலத்தில் எஃகுத் தகட்டுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இட்டனர். பூச்சு தேய்ந்த இடத்தில், அடியில் தங்கும் நீர் துருவை உண்டாக்கும். உதிரும் துரு கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும்.

காலித் தொட்டியின் அபாயம்

ஓட்டையை அடைக்க நெருப்பை அருகே கொண்டு செல்வது உயிருக்கே ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். பெட்ரோல் நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடமில்லை. ஆனால் காலியானதாகத் தோன்றும் தொட்டியில், மடிப்புகளில் ஒட்டிய சில துளிகளே வெடிக்கும் கலவையை உண்டாக்கப் போதும். பல ஆண்டுகள் கிடந்த தொட்டியையும் நம்பலாகாது. ஆவியை முழுதும் வெளியேற்றிய பின்னரே, பயிற்சி பெற்றவர் பற்றவைக்க வேண்டும்.

புதிய எரிபொருள், பழைய பொருள்

இந்தியாவில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். ‘டி’ மாடல் கார்புரேட்டரில் மிதக்கும் தக்கைக்கு அரக்குப் பூசியிருந்தனர். அரக்கு சாராயத்தில் கரையும், எத்தனாலும் சாராயமே. பூச்சுக் கரைந்தால் தக்கை ஊறி மிதக்காது. பெட்ரோல் வழிந்து வெளியேறும்.

எனவே அசல் பாகத்தைக் கண்டுபிடிப்பதோடு பணி முடிவதில்லை. வடிவம் பழையதாக இருக்கட்டும். உட்பூச்சும் தக்கையும் இன்றைய எரிபொருளைத் தாங்குவனவாக இருக்க வேண்டும். அப்போதுதான் பழங்கார் காட்சிப் பொருளாக நின்றுவிடாமல் சாலையிலும் ஓடும்.